லண்டன் ரெக்கார்ட் சந்தைக்கும் காமிக் கானுக்கும் ரயிலில் போய் வருவது எப்படி?

லண்டனில் சனி, ஞாயிறு வந்தால் இரண்டு காரியம் சேர்ந்தே நடக்கும். ரெக்கார்ட் சந்தைகளும் காமிக் கண்காட்சிகளும் கதவைத் திறக்கும். ரயில் பாதைகளில் ஒன்றிரண்டைப் பராமரிப்பு என்று மூடிவிடுவார்கள். வார நாளில் வேலைக்குப் போகிறவர்களுக்கு இடைஞ்சல் கூடாது என்பதால் தண்டவாளம் மாற்றுவதும் சிக்னல் பழுதுபார்ப்பதும் வார இறுதிக்குத்தான் ஒதுக்கப்படுகின்றன. கூட்டம் சேரும் நாளும் பாதை மூடும் நாளும் ஒன்றாகிவிடுவதால் ஊருக்குப் புதியவர்கள் திணறிப் போகிறார்கள்.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரும்பி வரும் வழியை முதலில் முடிவு செய்யுங்கள், போகும் வழியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். காலையில் கை வீசிக்கொண்டு போகிறீர்கள், ரயிலில் உட்கார இடமும் கிடைக்கும். மாலையில் கையில் ஐந்து கிலோ சுமை, கால் வலி, வெளியே தூறல், ஏறும் ஸ்டேஷனில் கால்பந்துக் கூட்டம். எத்தனை இசைத்தட்டு வாங்கலாம், எந்தப் பை கொண்டுபோகலாம், எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்பதையெல்லாம் திரும்பும் ரயில்தான் தீர்மானிக்கிறது.

எங்கே, எப்போது

பெரிய காமிக் கண்காட்சி என்றால் எம்.சி.எம். காமிக் கான். கிழக்கு லண்டனில் ராயல் விக்டோரியா கப்பல்துறையை ஒட்டிய எக்செல் அரங்கில் ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது: மே மாதக் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும், வெள்ளி முதல் ஞாயிறு வரை. மே மாதத்துக் கண்காட்சி வங்கி விடுமுறை எனப்படும் பொது விடுமுறை வார இறுதியில் வருகிறது. மூன்று நாள் சேர்ந்தாற்போல் கிடைக்கிறதே என்று ரயில்வேக்காரர்கள் பெரிய வேலைகளை வைத்துக்கொள்வதும் அந்த மாதிரி வார இறுதிகளில்தான். லூட்டன், ரெடிங், கேம்பிரிட்ஜ் போன்ற வெளியூர்களிலிருந்து வருகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அக்டோபரில் வேறொரு விஷயம். கண்காட்சியின் ஞாயிற்றுக்கிழமையும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைக்கும் ஞாயிற்றுக்கிழமையும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். காலையில் ஒரு மணி நேரத் தூக்கம் கூடுதலாகக் கிடைக்கும், மாலை ஐந்து மணிக்குள் இருட்டிவிடும்.

மேற்கு லண்டனில் ஒலிம்பியா அரங்கு இருக்கிறது. 1886-இல் திறந்த பழைய கட்டடம். லண்டன் ஃபிலிம் அண்ட் காமிக் கான் இங்கே ஜூலையில் நடந்து வருகிறது. நடிகர்களின் கையெழுத்து, புகைப்படம் என்று வரிசையில் நிற்பதில் ஆசையுள்ளவர்களுக்கு இது தோதானது. பழைய காமிக்ஸ் வாங்குவது மட்டுமே நோக்கம் என்றால் இரண்டுமே கொஞ்சம் ஆடம்பரம். ரஸ்ஸல் ஸ்கொயர் பக்கம் ராயல் நேஷனல் ஓட்டலில் ஞாயிறுகளில் நடந்து வரும் லண்டன் காமிக் மார்ட் போன்ற சின்னச் சந்தைகளில் காமிக் பாத்திரங்களின் வேஷமோ மேடையோ கிடையாது. மேசை மேசையாகப் பெட்டிகள் இருக்கும், குனிந்து தேட வேண்டியதுதான். எனக்குப் பிடித்தது அந்த ரகம்தான்.

ரெக்கார்ட் சந்தைகளுக்கு இப்படி நிலையான ஓர் அரங்கு கிடையாது. டவுன் ஹால், சர்ச் ஹால், மதுக்கடை மாடி என்று எங்கே வேண்டுமானாலும் நடக்கும். அந்தந்தப் பகுதி ரெக்கார்ட் கடையின் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் துண்டுக் காகிதங்கள் அடுக்கியிருக்கும், தேதி அங்கே கிடைக்கும். புதிய தட்டுகள் வேண்டுமென்றால் இண்டிபென்டென்ட் லேபிள் மார்க்கெட் என்று ஒன்று உண்டு. 2011-இல் சோஹோவின் பெர்விக் தெருவில் தொடங்கியது. தட்டு வெளியிடும் சின்ன நிறுவனத்தாரே மேசை போட்டு விற்பார்கள். கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் கோல் டிராப்ஸ் யார்டில் இதை நடத்தியிருக்கிறார்கள். ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம்.

சனிக்கிழமையா, ஞாயிற்றுக்கிழமையா? பெரிய காமிக் கண்காட்சிக்கு முதல் தடவை போகிறவர்கள் ஞாயிறு போவது நல்லது. சனியன்று உள்ளே நகர முடியாது. ஆனால் ஞாயிறு காலையில் ரயில்கள் தாமதமாகத்தான் ஓடத் தொடங்கும். அதிகாலையிலேயே போய் வரிசையில் நிற்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

கார்டு விஷயத்தில் நாலு வார்த்தை

லண்டனுக்குள் காண்டாக்ட்லெஸ் வங்கிக் கார்டோ, முன்பணம் போட்டுவைக்கும் ஆய்ஸ்டர் பயணக் கார்டோ இருந்தால் போதும், தனியாக டிக்கெட் எடுக்க வேண்டாம். பெரியவர்களுக்கு இரண்டிலும் ஒரே கட்டணம். ஒரு நாளில் எத்தனை முறை ஏறி இறங்கினாலும், போன கட்டண மண்டலங்களைப் பொறுத்து ஓர் உச்சவரம்போடு கட்டணம் நின்றுவிடும். காலையில் ஸ்டேஷன் கதவில் எந்தக் கார்டைத் தட்டினீர்களோ அதையே நாள் முழுக்கத் தட்ட வேண்டும். போனில் இருக்கும் கார்டும் பர்ஸில் இருக்கும் கார்டும் ஒரே வங்கிக் கணக்காக இருந்தாலும், கதவுக்கு அவை இரண்டு வேறு ஆட்கள். போனில் சார்ஜ் தீர்ந்து மாலையில் பர்ஸ் கார்டுக்கு மாறினால் உச்சவரம்பு கைவிட்டுப் போகும். கண்காட்சியில் படம் எடுத்தே போன் செத்துப்போகும் என்பதால் காலையிலிருந்தே பிளாஸ்டிக் கார்டைப் பயன்படுத்துங்கள்.

மாணவர்களுக்கு ஒரு தகவல். மாணவர் ஆய்ஸ்டர் கார்டு வார, மாதப் பாஸுக்குத்தான் 30 சதவீதத் தள்ளுபடி தரும், அவ்வப்போது தட்டிப் போகும் பயணத்துக்குத் தராது. ஆனால் 16–25 ரயில்கார்டு என்ற சலுகைக் கார்டு வைத்திருந்தால், ட்யூப் என்கிற பாதாள ரயிலின் ஸ்டேஷன் ஊழியரிடம் சொல்லி அதை உங்கள் ஆய்ஸ்டரில் ஏற்றிக்கொள்ளலாம். நெரிசல் இல்லாத நேரக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். சனியும் ஞாயிறும் நாள் முழுக்க நெரிசல் இல்லாத நேரம்தான் என்பதால் சந்தைக்குப் போகிறவர்களுக்கு இது முழுப் பலன் தரும். காண்டாக்ட்லெஸ் கார்டில் இதை ஏற்ற முடியாது, ஆய்ஸ்டர்தான் வேண்டும்.

11 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ட்யூபிலும் டி.எல்.ஆர். என்ற இலகு ரயிலிலும் எலிசபெத் லைனிலும் கட்டணம் கிடையாது. கட்டணம் செலுத்தும் பெரியவர் ஒருவர் நான்கு பிள்ளைகள் வரை கூட்டிப் போகலாம்.  முதல் பஸ்ஸில் தட்டிய ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் ஒரு பஸ்ஸுக்கான காசுதான். பஸ்ஸில் ரொக்கம் வாங்கும் வழக்கத்தை 2014-லேயே நிறுத்திவிட்டார்கள்.

எக்செல்லுக்குப் போகும் வழி

எக்செல்லுக்கு அருகில் இரண்டு ஸ்டேஷன்கள் உண்டு. மேற்கு வாசலுக்குக் கஸ்டம் ஹவுஸ், கிழக்கு வாசலுக்குப் பிரின்ஸ் ரீஜண்ட். அரங்கு ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நீண்டு கிடப்பதால், வாசல் மாறி இறங்கினால் நல்ல நடை நடக்க வேண்டும். எந்த வாசல் என்று டிக்கெட்டோடு வரும் மின்னஞ்சலில் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு ஸ்டேஷனைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

கஸ்டம் ஹவுஸுக்கு 2022 மே மாதத்திலிருந்து எலிசபெத் லைன் வருகிறது. அதற்கு முன் டி.எல்.ஆரின் சின்னப் பெட்டிகளில் பிதுங்கிக்கொண்டு வந்தவர்களுக்குத்தான் இந்த ரயிலின் அருமை தெரியும். ஒன்பது பெட்டி, ஏ.சி., லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து சுமார் பத்து நிமிடம். பலரும் கவனக்குறைவாக விடுவது ஒன்று: இந்த லைன் வைட்சாப்பலுக்குக் கிழக்கே இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை ஸ்ட்ராட்ஃபோர்ட், இல்ஃபோர்ட் வழியாக ஷென்ஃபீல்டு போகும். மற்றது கேனரி வார்ஃப், கஸ்டம் ஹவுஸ் வழியாக ஏபி வுட் போகும். ரயிலின் நெற்றியில் ஏபி வுட் என்று இருந்தால் மட்டும் ஏறுங்கள். இல்ஃபோர்ட் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் வைட்சாப்பல் வரை போய், இறங்கி, ஏபி வுட் ரயிலுக்கு மாற வேண்டும். வரைபடத்தில் பார்த்தால் சுற்று மாதிரி தோன்றும், ஆனால் எளிது.

நம்மவர்கள் அதிகம் இருக்கும் இடங்களிலிருந்து பார்ப்போம்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் மூன்று ஸ்டேஷன் வந்தால் வெஸ்ட் ஹாம். அங்கே ஜூப்ளி லைன் மாறினால் அடுத்த ஸ்டேஷன் கேனிங் டவுன். அங்கிருந்து டி.எல்.ஆர். கேனிங் டவுனில் டி.எல்.ஆர். இரண்டு திசையில் பிரியும். பெக்டன் போகும் வண்டிதான் கஸ்டம் ஹவுஸ், பிரின்ஸ் ரீஜண்ட் வழியாகப் போகும். வுல்விச் ஆர்சனல் வண்டியில் ஏறினால் துறைக்கு அந்தப் பக்கம் போய் நிற்பீர்கள்.

ஹாரோ-ஆன்-தி-ஹில்லிலிருந்து மெட்ரோபாலிட்டன் லைனில் ஃபாரிங்டன் வரை வந்து எலிசபெத் லைனுக்கு மாறலாம். வெம்பிளி பார்க்கிலிருந்து ஜூப்ளி லைன் நேராகக் கேனிங் டவுனுக்கே போகிறது. ஒரே வண்டி என்பதால் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு வசதி. டூட்டிங்கிலிருந்து நார்தர்ன் லைனில் பேங்க் வழியாகப் போகும் வண்டியில் மூர்கேட்டில் இறங்குங்கள். லிவர்பூல் ஸ்ட்ரீட் எலிசபெத் லைன் நடைமேடையின் ஒரு முனை மூர்கேட்டோடு இணைந்திருக்கிறது, தெருவுக்கு ஏறி இறங்க வேண்டாம். கிராய்டன்காரர்கள் ஈஸ்ட் கிராய்டனில் தேம்ஸ்லிங்க் ரயில் பிடித்து ஃபாரிங்டனில் மாறிக்கொள்ளலாம்.

எலிசபெத் லைன் மூடியிருந்தால் ஜூப்ளி லைனும் டி.எல்.ஆரும். ஜூப்ளி மூடியிருந்தால் எலிசபெத் லைன். இரண்டுமே மூடியிருந்தால் டவர் கேட்வேயிலிருந்து டி.எல்.ஆர். வெள்ளிக்கிழமை இரவு லண்டன் போக்குவரத்து அமைப்பான டி.எஃப்.எல்.லின் செயலியில் வார இறுதி நிலவரத்தைப் பார்த்து, ஒரு மாற்று வழியையும் முடிவு செய்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் நடைமேடையில் நின்றுகொண்டு பார்ப்பது பிரயோசனமில்லை.

டி.எல்.ஆர். ஸ்டேஷன்கள் பெரும்பாலானவற்றில் தடுப்புக் கதவு இருக்காது. ஒரு கம்பத்தில் கார்டு கருவி மட்டும் நிற்கும். கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வந்துவிட்டு, தட்ட மறந்தால் அதிகபட்சக் கட்டணத்தைப் பிடித்துக்கொள்வார்கள். கண்காட்சி நாளில் காமிக்ஸ் பேசிக்கொண்டே இறங்குகிறவர்கள் செய்யும் தப்பு இது.

ஒலிம்பியாவும் ரஸ்ஸல் ஸ்கொயரும்

ஒலிம்பியாவுக்கு வாசலிலேயே கென்சிங்டன் ஒலிம்பியா ஸ்டேஷன். டிஸ்ட்ரிக்ட் லைன் இங்கே பெரும்பாலும் வார இறுதியிலும் விடுமுறையிலும்தான் வரும். எர்ல்ஸ் கோர்ட்டில் மாறி ஒரே ஸ்டேஷன், ஆனால் வண்டிகள் அடிக்கடி கிடையாது. கண்காட்சி வெள்ளியும் நடக்கும் ஆண்டில், வெள்ளியன்று டிஸ்ட்ரிக்ட் லைனை நம்பி எர்ல்ஸ் கோர்ட்டில் காத்திருக்காதீர்கள். ஓவர்கிரவுண்ட் எனும் நகர ரயிலின் மில்ட்மே லைன் எல்லா நாளும் இந்த ஸ்டேஷன் வழியாக ஓடுகிறது. ஒரு பக்கம் கிளாப்பம் ஜங்ஷன், மறுபக்கம் வில்ஸ்டன் ஜங்ஷன். ஸ்ட்ராட்ஃபோர்டிலிருந்து இந்த லைனில் வந்தால் நகர மையமான மண்டலம் 1-க்குள் நுழையவே வேண்டாம், கட்டணம் குறையும். வழியில் ரயில் மாறும் இடத்தில் இளஞ்சிவப்புக் கார்டு கருவி இருந்தால் ஒரு தட்டு தட்டிவிடுங்கள். நீங்கள் சுற்றுவழியாகத்தான் வந்தீர்கள் என்பது அப்போதுதான் கணக்கில் பதிவாகும்.

எதுவும் ஓடவில்லையா, ஹாமர்ஸ்மித்தில் இறங்கி நடங்கள், கால் மணி நேரம் ஆகும். ஜூலை வெயிலில் எந்த லைனில் வருகிறோம் என்பதும் முக்கியம். டிஸ்ட்ரிக்ட், மெட்ரோபாலிட்டன், எலிசபெத், ஓவர்கிரவுண்ட் ஆகியவற்றில் ஏ.சி. உண்டு. ஆழத்தில் ஓடும் சென்ட்ரலிலும் பேக்கர்லூவிலும் கிடையாது. முகத்தில் பூச்சு பூசிக்கொண்டு சென்ட்ரல் லைனில் வந்தால், இறங்கும்போது வேறு பாத்திரமாகிவிடுவீர்கள்.

ரஸ்ஸல் ஸ்கொயர் ஸ்டேஷன் பிக்காடிலி லைனில் இருக்கிறது. எஸ்கலேட்டர் இல்லை, லிஃப்ட் மட்டும். வரிசையைப் பார்த்துவிட்டுப் படியில் இறங்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: இருநூறுக்குச் சற்றுக் குறைவான சுழல்படிகள். வெறுங்கையோடு என்றால் சரி. காமிக்ஸ் பெட்டியோடு வேண்டாம். யூஸ்டன் பத்து நிமிட நடைதான், அங்கே எஸ்கலேட்டர் உண்டு.

வேஷம் போட்டுக்கொண்டு ரயிலில் ஏறலாமா?

தாராளமாக. லண்டனில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நம் ஊர் ஆட்கள் கூச்சப்பட்டு வேஷத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய் அங்கே கழிப்பறை வரிசையில் ஒரு மணி நேரம் நிற்கிறார்கள். அது தேவையில்லை.

ஆயுதம் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பொம்மைத் துப்பாக்கியாக இருந்தாலும் சரியான காரணமின்றிப் பொது இடத்தில் கையில் வைத்துக்கொண்டு போவது பிரிட்டனில் குற்றம். கண்காட்சிக்குப் போகிறேன் என்ற காரணம் உங்களிடம் இருக்கலாம், ஆனால் ரயிலில் பார்த்துப் பயந்து போலீஸைக் கூப்பிடும் பாட்டிக்கு அது தெரியாது. துப்பாக்கியோ வாளோ, துணியில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு போங்கள். அரங்கு வாசலில் ஆயுதச் சோதனை உண்டு, உலோகக் கத்தியை உள்ளே விட மாட்டார்கள். அட்டையும் நுரையும்தான் பாதுகாப்பு. நீளமான இறக்கை, ஈட்டி போன்றவற்றைக் கழற்றி மாட்டும்படி செய்துகொண்டால் எஸ்கலேட்டரில் பின்னால் நிற்பவர் கண் தப்பும். இன்னொன்று, பாத்திரத்துக்காக ஹோவர்போர்டு கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். மின்சார ஸ்கூட்டர், ஹோவர்போர்டு வகையறாவை 2021 டிசம்பரிலிருந்து டி.எஃப்.எல். வண்டிகளில் ஏற்றக்கூடாது.

வேஷத்தில் இருக்கும் பெண்களிடம் யாராவது ரயிலில் வம்பு செய்தால் 61016 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் ரயில்வே போலீஸுக்குப் போய்விடும். எண்ணை முன்கூட்டியே போனில் பதிந்துகொள்ளுங்கள்.

பையும் எடையும்

ரெக்கார்ட் வாங்கப் போகிறவர்கள் இந்தப் பகுதியைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும்.

ஒரு எல்.பி. தட்டு 30 செ.மீ. குறுக்களவு, உறையோடு சேர்த்தால் பக்கத்துக்கு முப்பத்தொன்றரை செ.மீ. வரும். சாதாரண முதுகுப் பை பலவற்றில் இது நுழையாது. வீட்டில் ஒரு தட்டை வைத்துப் பார்த்துவிட்டுப் பையை எடுங்கள். தட்டு மட்டும் 120 முதல் 140 கிராம், புதிய கனத்த பதிப்பு என்றால் 180 கிராம். உறையெல்லாம் சேர்த்து ஒன்றுக்குக் கால் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது தட்டு ஐந்து கிலோ. ஐந்து கிலோ அரிசிப் பையை இரண்டு ரயில் மாறிக் கொண்டுவர முடியுமா என்று கேட்டுக்கொண்டால் எத்தனை வாங்கலாம் என்பது தெரிந்துவிடும்.

அகலமான அடிப்பாகமுள்ள துணிப்பை நல்லது. இரண்டு பக்கமும் தட்டு அளவுக்கு வெட்டிய கெட்டி அட்டை வையுங்கள், மூலை மடியாது. உள்ளே ஒரு பெரிய பாலித்தீன் பையும் இருக்கட்டும். லண்டன் தூறலில் அட்டை உறை நனைந்தால் காய்ந்த பிறகும் அலை அலையாக நிற்கும். ரயிலில் தட்டுகளைப் படுக்க வைக்காமல், கால்களுக்கு நடுவே நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். முதுகுப் பையாக இருந்தால் ஏறும் முன் கழற்றிவிடுங்கள். கூட்டத்தில் கதவு மூடும்போது முதலில் நசுங்குவது அதுதான்.

சக்கரம் வைத்த பை வசதி என்று தோன்றும். டி.எல்.ஆர். ஸ்டேஷன்கள் அனைத்திலும் படியில்லாமல் போய் வரலாம். கஸ்டம் ஹவுஸ் எலிசபெத் லைனும் அப்படியே. அந்தப் பக்கத்துக்குச் சக்கரப் பை சரி. பழைய ட்யூப் ஸ்டேஷன்களில் படி ஏற வேண்டியிருந்தால் அது இரட்டைச் சுமை. நெருக்கமான சர்ச் ஹால் சந்தையில் சக்கரப் பையை இழுத்துக்கொண்டு திரிந்தால் எல்லோரும் முறைப்பார்கள்.

காமிக்ஸுக்குப் பிளாஸ்டிக் உறையும் பின்னட்டையும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். மலிவுப் பெட்டியில் எடுக்கும் இதழ்கள் சில சமயம் உறையில்லாமல்தான் வரும். போஸ்டர் வாங்கும் எண்ணமிருந்தால் அட்டைக் குழாய் ஒன்று. ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டினால் வீட்டுக்கு வரும்போது நடுவில் பள்ளம் விழுந்திருக்கும்.

உள்ளே போனபின்

ரெக்கார்ட் சந்தையில் காலையில் சீக்கிரம் நுழையக் கூடுதல் கட்டணம், பிறகு குறைந்த கட்டணம், பிற்பகலில் சில இடங்களில் இலவசம். வியாபாரிகள் கதவு திறப்பதற்கு முன்பே ஒருவரிடம் ஒருவர் நல்ல சரக்கை வாங்கிக்கொள்வார்கள். ஆகவே அதிகாலைக் கட்டணம் கொடுத்துப் போவது குறிப்பிட்ட ஒரு தட்டைத் தேடுகிறவருக்கு மட்டுமே லாபம். புதியவர்கள் பதினொரு மணி வாக்கில் போனால் போதும்.

கார்டு கருவி பெரும்பாலோரிடம் இருக்கிறது. ஆனாலும் ஐந்து, பத்து பவுண்ட் நோட்டுகளாகக் கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள். நாலைந்து தட்டு சேர்த்து எடுத்து, மொத்தமாக என்ன விலை என்று கேட்டால் குறைப்பார்கள். ஒரே ஒரு மூன்று பவுண்ட் தட்டுக்குப் பேரம் பேசினால் முகம் மாறிவிடும். தட்டை உறையிலிருந்து எடுத்துப் பார்க்க முதலில் கேளுங்கள். விளிம்பிலும் நடுவிலும் மட்டும் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மண்டப விளக்கு மங்கல் என்றால் போன் டார்ச். நகத்தில் தட்டுப்படும் கீறல் ஒலியிலும் வரும், கண்ணுக்கு மட்டும் தெரிகிற மெல்லிய கோடுகள் பெரும்பாலும் வராது. தர முத்திரையில் 'குட்' என்று இருந்தால் அது கீழ் வரிசை. 'வி.ஜி. பிளஸ்' (வெரி குட் பிளஸ்), 'எக்ஸலண்ட்' என்றிருப்பவற்றைத்தான் நிம்மதியாகக் கேட்கலாம்.

தமிழ்த் தட்டுகள் தேடுகிறவர்களுக்கு: தமிழ் என்று தனிப் பெட்டி இருக்கும் என எதிர்பார்க்காதீர்கள். வியாபாரிக்கு எல்லாமே 'பாலிவுட்' அல்லது 'உலக இசை'. அந்தப் பெட்டிகளில் எச்.எம்.வி., கொலம்பியா, ஓடியன், இன்ரெகோ, எக்கோ என்ற தட்டு நிறுவனங்களின் முத்திரைகளைக் கண்ணால் தேடிக்கொண்டே போக வேண்டும். எழுத்து படிக்கத் தெரியாதவர் அடுக்கிய பெட்டி என்பதால் விலையும் சில சமயம் நமக்குச் சாதகமாக இருக்கும், வாயைத் திறக்காமல் வாங்கிவிடுங்கள். பழைய 78 சுழற்சித் தட்டுகள் கிடைத்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். அவை அரக்குக் கலவை, கீழே விழுந்தால் கண்ணாடி போல் உடையும், எல்.பி.யை விடச் சிறியதாக இருந்தாலும் கனம் அதிகம். திரும்பும் ரயிலில் உட்கார இடம் கிடைக்கும் என்ற நிச்சயம் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

காமிக் கண்காட்சியில் பெரிய கடைகளை முதலில் சுற்றாமல், ஓவியர்கள் மேசை போட்டிருக்கும் பகுதிக்குக் காலையிலேயே போய்விடுங்கள். அவர்கள் கையால் வரைந்து தரும் படங்களுக்கு மதியத்துக்குள் பட்டியல் நிறைந்துவிடும். கனமான தொகுப்புப் புத்தகங்களைக் கடைசியில் வாங்குங்கள், நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். சாப்பாடு அரங்குக்குள் விலை அதிகம், வரிசையும் அதிகம். புளிச்சோறு கட்டிக்கொண்டு போனால் துறை ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

திரும்பும் நேரம்

அரங்கு மூடும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கிளம்புங்கள், இல்லையென்றால் மூடி ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள். நடுவில் கிளம்பினால் கஸ்டம் ஹவுஸ் மேம்பாலத்திலேயே வரிசை நிற்கும். அந்த நேரத்தில் பிரின்ஸ் ரீஜண்ட் வரை நடந்து டி.எல்.ஆர். பிடித்தால் ஒரு ஸ்டேஷன் முன்னால் ஏறுவதால் இடம் கிடைக்கும்.

அடுத்து, வேறு எங்கே கூட்டம் என்று பார்க்க வேண்டும். அக்டோபர் சனிக்கிழமையில் ஸ்ட்ராட்ஃபோர்டு அருகே வெஸ்ட் ஹாம் அணியின் ஆட்டம் மூன்று மணிக்குத் தொடங்கினால் ஐந்து மணிக்கு ஸ்ட்ராட்ஃபோர்டு பக்கம் போகக்கூடாது. வெம்பிளி ஸ்டேடியத்தில் ஆட்டமோ இசை நிகழ்ச்சியோ இருந்தால் வெம்பிளி பார்க் போகும் ஜூப்ளி லைன் நிரம்பி வழியும். கேனிங் டவுனுக்கு அடுத்த ஸ்டேஷனான நார்த் கிரீனிச்சில் ஓ2 அரங்கு இருக்கிறது, மாலைக் கச்சேரிக்கு மக்கள் வந்து இறங்கிக்கொண்டிருப்பார்கள். ஹாரோ, வெம்பிளிக்காரர்கள் அப்படிப்பட்ட நாளில் எலிசபெத் லைனில் ஃபாரிங்டன் வந்து மெட்ரோபாலிட்டன் பிடிக்கலாம். ஆனால் அந்த லைனும் வெம்பிளி பார்க்கில் நிற்கும். ஆட்டம் முடியும் நேரம் பார்த்து, அதற்கு முன்னாலோ நன்றாகப் பின்னாலோ போங்கள். நேரம் போக்க வேண்டுமானால் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் தோசை சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். கேனிங் டவுன், வெஸ்ட் ஹாம் வழியாக அரை மணி நேரம்தான். துறையைத் தாண்டும் தொங்கு வண்டியில் பிள்ளைகளை ஏற்றலாம், அதன் கட்டணம் மட்டும் தினசரி உச்சவரம்பில் சேராது.

நண்பர்களோடு இரவு தங்கிவிட்டால், வெள்ளி, சனி இரவுகளில் ஜூப்ளி, சென்ட்ரல், நார்தர்ன், பிக்காடிலி, விக்டோரியா லைன்கள் விடிய விடிய ஓடும், சென்ட்ரலிலும் நார்தர்னிலும் பிக்காடிலியிலும் எல்லாக் கிளைகளிலும் ஓடாது. டி.எல்.ஆரும் எலிசபெத் லைனும் ஓடாது. எக்செல் பக்கத்தில் இருந்தால் நள்ளிரவுக்குள் கேனிங் டவுன் வந்து சேர்ந்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் தட்டுகளை ரேடியேட்டர் பக்கத்தில் சாய்த்து வைக்காதீர்கள், வளைந்துவிடும். ஓரிரு நாளில் டி.எஃப்.எல். கணக்கைத் திறந்து பயணப் பட்டியலைப் பாருங்கள். எங்காவது தட்ட மறந்து அதிகபட்சக் கட்டணம் போயிருந்தால் அங்கேயே திருப்பிக் கேட்கலாம். ட்யூபோ டி.எல்.ஆரோ பதினைந்து நிமிடத்துக்கு மேல், எலிசபெத் லைனோ ஓவர்கிரவுண்டோ அரை மணிக்கு மேல் தாமதித்திருந்தால் அந்தப் பயணத்தின் காசையும் கேட்கலாம். முன்கூட்டியே அறிவித்த பராமரிப்பு வேலையால் வந்த தாமதத்துக்கு மட்டும் தர மாட்டார்கள்.